குடிநோய்க்கு வார்டில் நின்றால் சம்பளம் உண்டா, பேர் நிற்குமா, நோய்ப்பணம் கிடைக்குமா?

தேயிலைச்சரிவு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். தோட்டத்துல திரும்பத் திரும்ப வர்ற ஒரு கேள்விய இங்க வைக்கிறேன். தெரிஞ்சவங்க விவரமா எழுதுங்க.

செக்ரோல்ல, அதாவது தோட்டத்துப் பேர்ப்பதிவுல, பேர் உள்ள தொழிலாளி. 18 வருச சர்வீஸ். தினமும் குடி. காலையில கை நடுங்குது, ஒரு வாய் ஊத்தினாத்தான் மலைக்கு ஏற முடியுதுங்கிற நிலை. வார்டுல பத்து நாள் நிக்கணும்னு டாக்டர் சொல்றார். வீட்டுக்காரங்க மூணு கேள்வி கேக்குறாங்க. அந்தப் பத்து நாளுக்குச் சம்பளமோ வேற காசோ உண்டா? திரும்பி வர்றப்ப பேர் இருக்குமா? குடிநோய்க்குன்னு அரசாங்கம் மாசாமாசம் பணம் தருதுன்னு ஒரு பேச்சு ஓடுதே, அது உண்மையா?

சட்டப்பக்கம் எழுதியது:

மூன்றாவது கேள்வியை முதலில் எடுக்கிறேன். அந்தப் பேச்சை நம்பித்தான் பலர் பஸ் காசு செலவழித்து அலைகிறார்கள். அப்படி ஒரு பணம் இல்லை. நோயால் வேலைக்குப் போக முடியாத தனியார் துறைத் தொழிலாளிக்கு மாதாமாதம் காசு கொடுக்கும் சமூகக் காப்புறுதி இலங்கையில் கிடையாது. பிரித்தானியா போன்ற நாடுகளில் இருக்கிறது. அங்கேயும் குடி என்ற பேருக்காகக் கொடுப்பதில்லை, அதனால் ஒருவருக்கு எந்த வேலை முடியாமல் போயிற்று என்று பார்த்தே கொடுக்கிறார்கள். வெளிநாட்டு உறவுக்காரர் சொன்னது லயத்துக்கு (தோட்டக் குடியிருப்புக்கு) வந்து சேரும்போது நம் நாட்டுச் சட்டமாகிவிடுகிறது.

இங்கே உள்ளவை வேறு வேறு கதவுகள். ஒவ்வொன்றுக்கும் தனித் தாள், தனி ஆபீஸ்.

டவுன் கடை, கம்பனி ஆபீஸ் ஆட்களுக்கு 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க கடை, அலுவலக ஊழியர் சட்டம் பொருந்தும். இரண்டாம் வருடத்திலிருந்து 7 நாள் சமயோசித (கெஷுவல்) லீவு, 14 நாள் வருட லீவு. முதல் வருடத்தில் இரண்டு முழு மாதத்துக்கு ஒரு நாள் வீதம் சமயோசித லீவு சேரும். சுகயீனத்துக்கு எடுப்பது இந்த 7 நாளைத்தான், தனியாக மெடிக்கல் லீவு என்று அந்தச் சட்டத்தில் இல்லை.

தோட்டத் தொழிலாளி, தொழில் வாரியாகச் சம்பளத்தை நிர்ணயிக்கும் சம்பளச் சபைக்குக் கீழே வருகிறார். நாட்சம்பளம், வேலைக்கு வந்த நாளுக்குத்தான். 2024 செப்டம்பரில் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபாயை வைத்துப் பார்த்தால் பத்து நாளுக்கு 13,500 ரூபாய் கையை விட்டுப் போகும். அதோடு அந்த நாட்களுக்கான ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) 20 வீதமும் (தொழிலாளி 8, தோட்டம் 12), ஈ.டி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதமும் விழாது. வருட லீவு வேலை செய்த நாட்களை வைத்துக் கணக்காகும். பாக்கி இருந்தால் வார்டு நாட்களை அதில் கழித்துத் தரும்படி எழுத்தில் கேட்கலாம். கட்டாயப்படுத்த முடியாது, ஆனால் கேட்காவிட்டால் கிடைக்கவே கிடைக்காது.

பேர் நிற்குமா என்பதுதான் மூன்றிலும் பெரிய கேள்வி. அதைத் தனியாக எழுதுகிறேன்.

வார்டுத்தாதி எழுதியது:

பேர், காசு எல்லாத்துக்கும் முந்தி ஒண்ணு. காலையில கை நடுங்குறவர் வீட்டுல ஒரேயடியா நிறுத்தக் கூடாது. "மனசு வச்சா விட்டுரலாம்"னு சாமி மேல சத்தியம் வாங்கி நிறுத்த வைக்கிறது நல்ல எண்ணத்துலதான். ஆனா இந்த நிலையில உள்ள உடம்புக்கு அது ஆபத்து.

கடைசியா குடிச்சதுலருந்து 6 மணியில நடுக்கம், வேர்வை, வாந்தி ஆரம்பிக்கும். 6 மணிக்கும் 48 மணிக்கும் இடையில வலிப்பு வரலாம். 48 மணிக்கு மேல, ரெண்டாம் மூணாம் நாள்ல, ஆள் தெரியாமப் பேசுறது, சுவத்துல பூச்சி ஊருதுன்னு சொல்றது, காய்ச்சல், நெஞ்சு படபடப்பு. அதப் பேய் பிடிச்சதுன்னு நெனச்சு வேப்பிலை அடிக்கிற நேரத்துல உயிர் போயிரும். உடனே ஏத்திக்கிட்டுப் போற விசயம் அது.

ஓ.பி.டி.யில (வெளிநோயாளர் பிரிவுல) டாக்டர்கிட்ட இத மறைக்காமச் சொல்லுங்க: கடைசியா குடிச்ச நேரம், ஒரு நாளைக்கு எவ்வளவு, முன்னாடி வலிப்பு வந்திருக்கா, கடைசியா ஒழுங்காச் சாப்பிட்டது எப்ப, வேற என்ன மாத்திரை எடுக்குறார். "கொஞ்சம் குடிப்பார்"னு சொன்னா மருந்து அளவு பிழைக்கும். 180 மில்லி கால் போத்தல் சாராயத்துல ஏறக்குறைய 47 கிராம் சுத்த மதுசாரம் இருக்கு. ரெண்டு காலா, அரைப் போத்தலா, முழுப் போத்தலான்னு எண்ணிச் சொல்லுங்க. கசிப்புன்னா (கள்ளச் சாராயம்) வீரியத்த யாராலும் சொல்ல முடியாது, எத்தனை கிளாஸ்னு சொன்னாப் போதும்.

வார்டுல செய்யிறது என்னன்னா, டயசிபாம் மாதிரி ஒரு மருந்தக் கூடுதலா ஆரம்பிச்சு நாளுக்கு நாள் குறைச்சுக்கிட்டு வருவாங்க. பெரும்பாலும் ஒரு கிழமையில அது முடியும். கூடவே தயமின், அதாவது விற்றமின் பி1, மொதல்ல ஊசியா, பிறகு மாத்திரையா. சாப்பிடாமக் கெடந்தவருக்குத் தயமின் போடாம குளுக்கோஸ் சேலைன் மட்டும் ஏத்தினா மூளை பாதிக்கலாம். அதனாலதான் "சாப்பிட்டு நாலு நாளாச்சு"ன்னு நீங்க சொல்றது அவ்வளவு முக்கியம். சின்ன டிஸ்பென்சரியில "ஒரு சேலைன் ஏத்தி விடுங்க, தெளிஞ்சிரும்"னு கேட்டு வாங்குறதயும் நிறுத்துங்க.

நுவரெலியா, பதுளை, கண்டி, நாவலப்பிட்டி மாதிரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. மனநல வைத்தியரோட கிளினிக் எந்த நாள்னு கேட்டு எழுதிக்கங்க. சிகிச்சை இலவசம்.

லயக்காம்பரா எழுதியது:

சோத்துல கலந்து குடுக்குற பவுடர் ஒண்ணு இருக்காமே? குடிச்சா வாந்தி எடுத்துத் தானா விட்டுருவாராம். ஆஸ்பத்திரிக்கே போகத் தேவையில்லன்னு சொல்றாங்க.

வார்டுத்தாதி எழுதியது:

அது டைசல்பிரம். தயவு செஞ்சு தெரியாமக் கலக்காதீங்க அக்கா. கடைசியா குடிச்சு 12 மணித்தியாலமாவது போன பிறகு, அவருக்குத் தெரிஞ்சு, அவர் சம்மதிச்சு, டாக்டர் ஈரலையும் நெஞ்சையும் பாத்து ஆரம்பிக்க வேண்டிய மருந்து அது. அது உடம்புல இருக்குறப்ப குடிச்சா முகம் செவந்து, பிரஷர் விழுந்து, நெஞ்சு வலி வரைக்கும் போகும். நிறுத்தின பிறகும் ரெண்டு கிழமை வரைக்கும் அந்த வேலை இருக்கும். ஆளுக்குத் தெரியாட்டி அவர் வழக்கம் போலக் குடிப்பார், அங்கதான் உயிர் போகுது.

சட்டப்பக்கம் எழுதியது:

இப்போது பேர் நிற்பது பற்றி.

தோட்டங்களில் குடிநோயாளி வேலையை இழப்பது பெரும்பாலும் குடித்ததற்காக அல்ல, சொல்லாமல் நின்றதற்காக. "வேலையைக் கைவிட்டார்" என்று ஒரு கடிதம் வரும். சட்டத்தில் வேலையைக் கைவிடுதல் என்று சொல்ல இரண்டு விடயம் வேண்டும்: ஆள் வேலைக்கு வரவில்லை, திரும்பி வரும் எண்ணமும் இல்லை. முதலாவதை செக்ரோல் காட்டிவிடும். இரண்டாவதை உடைக்கத்தான் உங்கள் கடிதம். வார்டுக்குப் போகுமுன், முடியாவிட்டால் போன மறுநாளே, தோட்ட அத்தியட்சகருக்கு எழுதுங்கள். தமிழில் எழுதலாம், தமிழும் அரச கரும மொழிதான். இவ்வளவு போதும்:

"மேற்படி தோட்டத்தில் இன்ன இலக்கத்தில் பேர் பதிந்து வேலை செய்யும் நான், இன்ன திகதி முதல் இன்ன ஆஸ்பத்திரியில் தங்கிச் சிகிச்சை பெறுகிறேன். அந்த நாட்களுக்கு லீவு தரும்படியும், எனது பேரை வைத்திருக்கும்படியும் கேட்டுக்கொள்கிறேன். வைத்திய அத்தாட்சிப் பத்திரத்தை வேலைக்குத் திரும்பும் நாளில் ஒப்படைப்பேன்."

பதிவுத் தபாலில் அனுப்பி, துண்டைப் பிரதியோடு பின் அடித்து வையுங்கள். கையில் கொடுப்பதானால் பிரதியில் ஆபீஸ் சீலும் திகதியும் வாங்குங்கள். கங்காணியிடம் சொன்னேன், தொழிற்சங்கத் தலைவருக்குத் தெரியும் என்பதெல்லாம் பிறகு நிற்காது, அவர்கள் நல்லவர்களாக இருந்தாலும்.

அப்படியும் நிறுத்திவிட்டால் 6 மாதத்துக்குள் தொழில் நியாய சபையில் மனுப் போட வேண்டும். சங்கத்தில் சந்தா பிடிக்கப்படும் உறுப்பினர் என்றால் சங்கமே அவருக்காகப் போடலாம். "பேசிக்கொண்டிருக்கிறோம்" என்று யாராவது சொன்னால் பேசட்டும், ஆனால் 6 மாதத்தை நீங்கள் எண்ணிக்கொண்டிருங்கள். பேச்சுவார்த்தைக்காகக் காலம் நீளாது.

ஒரு வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். சிகிச்சைக்காக வராமல் நிற்பது வேறு, வேலைத்தலத்தில் குடித்துவிட்டு நிற்பது வேறு. இரண்டாவது ஒழுக்காற்றுக் குற்றம். ஆஸ்பத்திரித் தாள் அதை அழிக்காது, தண்டனையைக் குறைக்கக் கேட்பதற்கு மட்டும் உதவும்.

பழைய_கணக்கப்பிள்ளை எழுதியது:

ஆபீஸ் பக்கத்துல எங்க பிழைக்குதுன்னு சொல்றேன்.

ஒண்ணு, திகதி. வார்டுல சேர்ந்தது 4ஆம் திகதி, ஆஸ்பத்திரி அட்டையிலயும் 4. ஆனா ஆள் 1ஆம் திகதியிலருந்தே வரல. அந்த மூணு நாள் சும்மா நின்னதா விழும். வீட்டுல முடியாமக் கெடந்த நாளுக்கு அன்னைக்கே தோட்ட டிஸ்பென்சரியில காட்டித் துண்டு வாங்கி வைக்கணும். பிறகு போய் முன்திகதி போட்டுக் கேட்டா எந்த டாக்டர் ஐயாவும் எழுத மாட்டார், எழுதவும் கூடாது.

ரெண்டு, பேர். செக்ரோல்ல ஒரு பேர், அடையாள அட்டையில வேற எழுத்து, ஆஸ்பத்திரியில கூப்பிடுற பேர். மூணும் மூணு மாதிரி இருந்தா அத்தாட்சிப் பத்திரம் செல்லாமப் போகும். வார்டுல சேர்றப்பவே அடையாள அட்டையக் காட்டிப் பதிய வைங்க. இது சின்ன விசயம் மாதிரித் தெரியும், ஆனா ஈ.பி.எஃப். வரைக்கும் இழுத்தடிக்கிறது இதுதான்.

மூணு, டிக்கட் வெட்டாம, அதாவது டாக்டர் முறையா வெளிய விடுறதுக்கு முந்தி, ஓடி வர்றது. அஞ்சாம் நாள் உடம்பு தேறினதும் "வீட்டுக்குப் போறேன்"னு சொல்லாம வந்துருவாங்க. அட்டை இல்ல, சேர்டிபிகட் இல்ல, பத்து நாளும் வீண். நிக்கவே முடியலன்னா டாக்டர்கிட்டச் சொல்லி, கையெழுத்து வச்சு, அட்டைய வாங்கிக்கிட்டு வரணும்.

பிறகு மாசச் சம்பளம். முற்பணம், கடை, சந்தா எல்லாப் பிடிப்பும் வழக்கம் போல விழும், பேர்தான், அதாவது வேலை செஞ்ச நாள்தான், குறைஞ்சிருக்கும். வார்டுக்குப் போக முன்னாடியே பெரிய கிளார்க் ஐயாகிட்டப் பேசி முற்பணத் தவணைய ஒரு மாசம் தள்ளி வைக்கக் கேக்கலாம். அநேகமா ஒத்துக்குவாங்க, போன பிறகு கேட்டா மாத்த ஏலாது.

பசறைவழி எழுதியது:

சேர்டிபிகட்ல குடின்னு எழுதினா தோட்டம் முழுக்கப் பரவிரும். வைரஸ் காய்ச்சல்னு எழுதித் தரச் சொல்லலாமா?

சட்டப்பக்கம் எழுதியது:

வேண்டாம் தம்பி. பொய்யான அத்தாட்சிப் பத்திரம் பிடிபட்டால் அதுவே வேலை நீக்கக் காரணமாகிவிடும். நோயைக் காரணமாகக் காட்டித் தப்பியிருக்கக் கூடியவர் மோசடியில் மாட்டுவார். உண்மையிலேயே வேறு வழி உண்டு. குடிநோயாளிக்கு ஈரல் வீக்கம், இரைப்பைப் புண், கால் நரம்பு மரப்பு இவற்றில் ஒன்றாவது பெரும்பாலும் இருக்கும். இருப்பதை எழுதும்படி, அல்லது "தங்கிச் சிகிச்சை பெற்றார், இன்ன திகதிவரை வேலைக்குத் தகுதியற்றவர்" என்று மட்டும் எழுதும்படி டாக்டரிடம் கேட்கலாம். ஆபீசுக்கு அத்தாட்சிப் பத்திரத்தை மட்டும் கொடுங்கள். முழு விவரமுள்ள டயக்னோசிஸ் கார்டை வீட்டில் வையுங்கள், அது உங்கள் சொத்து.

வார்டுத்தாதி எழுதியது:

அந்தக் கார்ட மட்டும் தண்ணி படாம, பிளாஸ்டிக் கவர்ல வைங்க. அடுத்த தடவை வலிப்போட கொண்டு வர்றப்ப மொதல்ல கேக்குறது அதத்தான்.

கவுண்டர்_நாலு எழுதியது:

பிரதேச செயலகப் பக்கத்தை நான் சொல்கிறேன்.

அஸ்வெசும என்ற அரசாங்க நலன்புரிக் கொடுப்பனவு 2023 ஜூலையில் தொடங்கியது. குடும்பத்தைப் பார்த்துக் கொடுப்பது, ஆளைப் பார்த்து அல்ல. கல்வி, சுகாதாரம், வருமானம், சொத்து, வீடு, குடும்ப அமைப்பு ஆகிய ஆறு பக்கத்தில் புள்ளி போடுகிறார்கள். 2025இலிருந்து வறிய குடும்பத்துக்கு மாதம் 10,000, மிக வறிய குடும்பத்துக்கு 17,500 ரூபாய். விண்ணப்பத்தில் "வீட்டில் குடிப்பவர் உண்டா" என்ற கேள்வி இல்லை. நீண்டகால நோயாளி அல்லது மாற்றுத்திறனாளி உண்டா என்பதுதான் கேள்வி. ஆகவே "அவர் குடிகாரர், எங்களுக்கு உதவுங்கள்" என்று எழுதிய மேன்முறையீடு அப்படியே திரும்பி வரும். "ஈரல் சுருங்கிய நோயாளி, மாதம் ஒரு முறை கிளினிக், இன்ன மாதத்திலிருந்து வேலைக்குப் போகவில்லை" என்று கிளினிக் புத்தகப் பிரதியோடு எழுதினால் வீட்டைப் பார்க்க வரும் அதிகாரிக்குப் பதிய ஒரு விடயம் கிடைக்கும்.

வேலையை விட்டு நீங்கியும் செக்ரோலில் பேர் கிடந்தால், வருமானம் உள்ள வீடாகவே கணக்கில் வரும். நீங்கியதற்கான கடிதத்தைத் தோட்ட ஆபீசில் வாங்கி இணையுங்கள்.

மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவு தனி, 2025 ஏப்ரலிலிருந்து மாதம் 10,000 ரூபாய். குடிப்பழக்கம் அதற்குத் தகுதி ஆகாது. ஆனால் குடியால் கால் நரம்பு செத்து நடக்க முடியாதவர், தயமின் குறைவால் ஞாபகம் போய் வீட்டு வழி மறந்தவர், பழைய விழுகையில் கால் எடுக்கப்பட்டவர், இவர்களுடைய இயலாமை இயலாமைதான். அது எதனால் வந்தது என்று படிவம் கேட்பதில்லை. டாக்டர் எழுத வேண்டியது நோயின் பேரை மட்டும் அல்ல. எவ்வளவு தூரம் நடப்பார், படி ஏறுவாரா, தானாகக் குளிப்பாரா, தனியே விடலாமா என்பதை எழுத வைத்தால் வேலை நடக்கும்.

காசநோய் இருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். குடிநோயாளருக்கு அது எளிதில் வரும். காசநோய் சிகிச்சைக் காலத்துக்குச் சமூக சேவைத் திணைக்களத்தின் உதவித் தொகை தனியாக உண்டு. மார்பு கிளினிக் அட்டையோடு சமூக சேவை உத்தியோகத்தரைப் பார்க்க வேண்டும்.

தேயிலைச்சரிவு எழுதியது:

ஈ.பி.எஃப். காசை எடுத்துச் சமாளிக்கலாம்னு ஒரு யோசனை வீட்டுல ஓடுது. 18 வருசம் சேர்ந்த காசு.

சட்டப்பக்கம் எழுதியது:

ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 வயதுக்கு முன் முழுதாக எடுக்க உள்ள வழிகளில் நோய் சம்பந்தமானது ஒன்றுதான்: நிரந்தரமாக, முழுதாக வேலை செய்ய முடியாதவர் என்று டாக்டர் எழுதி, அதனால் வேலையை விட்டு நீங்குவது. 40 வயதுக்காரர், சிகிச்சை எடுத்தால் தேறக்கூடியவர், அந்தத் தாளை வாங்க ஓடுவது வேலையைத் தானே கழுத்தறுப்பது. பத்து வருடத்துக்கு மேல் பங்களிப்பும் 300,000 ரூபாய்க்குக் குறையாத மீதியும் உள்ளவர் வீட்டுக்கோ மருத்துவத்துக்கோ 30 வீதம் வரை எடுக்கும் ஒரு வழியும் இருக்கிறது. அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாக நடக்கும் சிகிச்சைக்கு அதைத் தொட வேண்டியதில்லை.

என் அபிப்பிராயத்தை மறைக்காமல் சொல்கிறேன். குடியை விட்டு மூன்று மாதம்கூட ஆகாத ஒருவர் கையில் லட்சக்கணக்கில் மொத்தக் காசைக் கொடுப்பதைப் போல ஆபத்து வேறில்லை.

பணிக்கொடையும் அப்படித்தான். 5 வருடச் சேவைக்குப் பிறகு, நாட்சம்பளக்காரருக்கு வருடம் ஒன்றுக்கு 14 நாள் சம்பளம். 18 வருடத்துக்கு, மேலே சொன்ன 2024ஆம் ஆண்டின் 1,350 வீதம் 340,200 ரூபாய் வரும். குடித்ததற்காக வேலையை நிறுத்தினால் பணிக்கொடை இல்லை என்று சொல்வது சட்டத்தில் நிற்காது. மோசடி, காசுக் கையாடல், தோட்டச் சொத்துக்குச் சேதம் அல்லது நட்டம் என்றால்தான், அந்த நட்டத்தின் அளவுக்கு, வெட்டலாம்.

பழைய_கணக்கப்பிள்ளை எழுதியது:

கொந்தரப்புக் (ஒப்பந்தக்) கத்தி வேலையில காலை வெட்டிக்கிட்டு வந்து, வாயில வாடை அடிச்சா நட்டஈடே இல்லைன்னு சொல்றது சரியா ஐயா?

சட்டப்பக்கம் எழுதியது:

பாதி சரி. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தில், விபத்துக்குப் போதை நேரடிக் காரணமாக இருந்தால் தொழில்தருநர் பொறுப்பில்லை என்று ஒரு விலக்கு உண்டு. ஆனால் இறப்பு நேர்ந்தால் அந்த விலக்கு பொருந்தாது. அடுத்தது "நேரடிக் காரணம்" என்ற சொல். வார்டு டிக்கட்டில் மது வாடை என்று எழுதியிருப்பது, குடித்திருந்தார் என்பதைத்தான் காட்டும். மழையில் வழுக்கிய சரிவு, பிடி கழன்ற கத்தி என்று வேறு காரணம் இருந்தால் அதை அன்றே எழுதி, கூட நின்றவர்கள் பேரையும் எழுதி வையுங்கள். கத்தியைப் படம் எடுங்கள்.

லயக்காம்பரா எழுதியது:

ஆள் வார்டுக்கு வர மாட்டேங்கிறார்னா பொலிசுல சொல்லிப் புடிச்சுக் கந்தகாட்டுப் புனர்வாழ்வு முகாமுக்கு அனுப்பலாமா?

கவுண்டர்_நாலு எழுதியது:

முடியாது அக்கா. நீதிமன்றம் மூலம் கட்டாயப் புனர்வாழ்வுக்கு அனுப்புவது 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டப்படி, அது போதைப்பொருளுக்கானது. சாராயத்துக்குப் பொருந்தாது. அடிதடி என்றால் அது வேறு முறைப்பாடு, அதற்குத் தயங்காமல் போங்கள். வர மறுப்பவரைப் பற்றி வீட்டுக்காரர் தனியாகப் பேச 1926 என்ற மனநல உதவி இலக்கம் இருக்கிறது. தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையிலும் ஆலோசனை கேட்கலாம்.

தேயிலைச்சரிவு எழுதியது:

நன்றி, எல்லாருக்கும். கடைசியா ஒண்ணு. வர்ற கிழமை போயா (பௌர்ணமி லீவு நாள்). தவறணை பூட்டியிருக்கும், அன்னைக்கு எப்படியும் குடிக்க மாட்டார், மறுநாள் கூட்டிக்கிட்டுப் போகலாம்னு வீட்டுல சொல்றாங்க. சரிதானே?

வார்டுத்தாதி எழுதியது:

சரியில்ல. போயாவுக்கு முந்தின நாளே போங்க. பூட்டின நாள்ல நின்னு போன உடம்புதான் மறுநாள் விடியக்காலையில வலிப்போட வருது, லயத்துல வாகனம் கிடைக்காத நேரமா அது இருக்கும். அடையாள அட்டை, பழைய கிளினிக் புத்தகம், துவாய், சாரம் ரெண்டு, தண்ணிப் போத்தல், கூட ஒருத்தர். போற வழியில கை நடுங்கினா ஒரு வாய் கேப்பார். சண்டை போட்டு நிறுத்தாதீங்க, எத்தனை மணிக்கு, எவ்வளவுன்னு மட்டும் குறிச்சுக்கிட்டு வந்து சொல்லுங்க.

சட்டப்பக்கம் எழுதியது:

போயாவன்று தபால் கந்தோரும் பூட்டு. கடிதத்தையும் முந்தின நாளே பதிவுத் தபாலில் போட்டுவிடுங்கள். திரும்பும் திகதி தெரியாவிட்டால் "குணமானதும் வருவேன்" என்று எழுத வேண்டாம். "டிக்கட் வெட்டிய மறுநாள் அத்தாட்சிப் பத்திரத்துடன் ஆபீசுக்கு வருவேன்" என்று எழுதுங்கள்.